பேரெண்களை ஒப்பிடுதல்: பத்தின் அடுக்குகளும் வகுத்தலும்

நம் நாட்டின் பொருளாதாரத்தைப் பற்றிய எந்த அறிக்கையை எடுத்துக்கொண்டாலும் அதில் பேரெண்கள் நிறைந்திருப்பதைக் காணலாம். முதலாவது ஐந்தாண்டுத் திட்டத்தின் ஒதுக்கீடு 2,069 கோடி ரூபாய். அத்திட்டம் தொடங்கிய 1951ஆம் ஆண்டில் நாட்டின் மக்கள் தொகை 36 கோடியே 11 இலட்சம். 1950-51இல் விளைந்த உணவு தானியம் 5 கோடியே 8 இலட்சம் டன். நாட்டின் சராசரி ஆண்டு நீர்வளம் 1,869 பில்லியன் கன மீட்டர் என 1993ஆம் ஆண்டு மதிப்பீடு கூறிற்று. இத்தகைய எண்கள் நாவுக்குப் பழகிவிட்டன; ஆனால் அறிவுக்குப் பிடிபடுவதில்லை. 2,069 கோடி ரூபாய் பெரிய தொகையா, சிறிய தொகையா என்று வினவினால், அவ்வெண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எவராலும் விடை கூற இயலாது. அதனைப் பொருத்தமான மற்றோர் எண்ணால் வகுத்துப் பார்க்கும்போதுதான் அது பொருள் தரத் தொடங்குகிறது.

அவ்வாறு வகுக்கும்போது இரு இடர்ப்பாடுகள் எழுகின்றன. ஒன்று, சுழியங்களின் மிகுதியால் கணக்கில் நேரும் தவறு. மற்றொன்று, எதனை எதனால் வகுப்பது என்பதில் நேரும் தவறு. முதலாவதற்குக் கணிதம் எளிய மருந்தைத் தந்துள்ளது. இரண்டாவதற்குப் பொருளறிவே மருந்து. இவ்விரண்டையும் நம் நாட்டுப் புள்ளிவிவரங்களைக் கொண்டு விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கழித்தலும் வகுத்தலும்

இரண்டு அளவுகளை இருவகையாக ஒப்பிடலாம். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நம் மக்கள் தொகை ஏறத்தாழ 121 கோடி. இதிலிருந்து 1951ஆம் ஆண்டின் 36 கோடியைக் கழித்தால் 85 கோடி கிடைக்கும். எவ்வளவு கூடியது என்பதற்கு இது விடை. வகுத்தால் 3.35 கிடைக்கும். எத்தனை மடங்கு ஆயிற்று என்பதற்கு இது விடை. பள்ளிகள், மருத்துவமனைகள், குடிநீர் ஆகியவை மக்கள் பெருக்கத்திற்கு ஈடுகொடுத்தனவா என்று ஆராய முற்படுவோருக்கு இரண்டாவது விடையே பெரிதும் பயன்படும். ஏனெனில் அவையும் 3.35 மடங்கு ஆகியிருந்தால்தான் பழைய நிலையிலேனும் நிற்கிறோம் என்று கூற முடியும்.

வகுத்தலுக்கு வேறொரு சிறப்பும் உண்டு. டன்னிலிருந்து மக்களைக் கழிக்க முடியாது. ஆனால் டன்னை மக்களால் வகுக்க முடியும். வேறுபட்ட இரண்டு அளவுகள் இணைந்து, தலா உணவு, தலா நீர், ஹெக்டேர் ஒன்றுக்கு விளைச்சல் என்னும் புதிய அளவுகளைத் தருவது வகுத்தலினால்தான்.

எழுதும் முறை

பேரெண் ஒன்றை, ஒன்றுக்குக் குறையாததும் பத்துக்கு உட்பட்டதுமான ஓர் எண்ணையும், பத்தின் ஓர் அடுக்கையும் பெருக்கி எழுதுவதே அறிவியல் குறியீடு எனப்படும். முன்னுள்ள எண்ணைக் கெழு என்றும், பத்தின் தலைமேல் நிற்கும் எண்ணை அடுக்கு என்றும் கூறுவர். 36,10,88,090 என்பதை 3.61 × 10⁸ என எழுதலாம். தசமப் புள்ளியை எத்தனை இடம் இடப்புறம் நகர்த்தினோமோ அதுவே அடுக்காகும்.

நம் அலுவலகங்களில் வழங்கும் அளவுப் பெயர்களுக்குரிய அடுக்குகளை மனத்தில் பதித்துக்கொள்வது நன்று:

ஆயிரம் = 10³
இலட்சம் = 10⁵
மில்லியன் (பத்து இலட்சம்) = 10⁶
கோடி = 10⁷
பில்லியன் (நூறு கோடி) = 10⁹
இலட்சம் கோடி, அதாவது டிரில்லியன் = 10¹²

நம் மரபில் ஆயிரத்திற்குப் பின் அடுக்குகள் இரண்டிரண்டாக உயர்கின்றன. மேனாட்டு மரபில் மும்மூன்றாக உயர்கின்றன. ஒரு துறையின் அறிக்கை மில்லியன் டன்னிலும், மற்றொரு துறையின் அறிக்கை இலட்சம் டன்னிலும் இருக்கையில், இரண்டையும் ஒரே அட்டவணையில் சேர்ப்பவர் பத்து மடங்கு பிழைக்கு இடம்கொடுத்துவிடக்கூடும். இரண்டையும் முதலில் பத்தின் அடுக்குகளாக மாற்றி எழுதினால் அத்தகைய பிழை கண்ணுக்குத் தப்பாது.

வகுக்கும் முறை

விதி எளியது. கெழுவைக் கெழுவால் வகுக்க வேண்டும். மேலெண்ணின் அடுக்கிலிருந்து கீழெண்ணின் அடுக்கைக் கழிக்க வேண்டும். கெழு ஒன்றுக்குக் குறைவாக வந்தால், புள்ளியை ஓர் இடம் வலப்புறம் நகர்த்தி அடுக்கில் ஒன்றைக் குறைக்க வேண்டும்.

முதலாவது திட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2,069 கோடி என்பது 2.069 × 10³ × 10⁷, அதாவது 2.069 × 10¹⁰ ரூபாய். மக்கள் தொகை 3.61 × 10⁸. கெழுக்களை வகுத்தால் 0.573. அடுக்குகளைக் கழித்தால் 10². ஆகவே விடை 0.573 × 10², அதாவது 5.73 × 10¹, ஏறத்தாழ 57 ரூபாய். இது ஐந்தாண்டுகளுக்கும் சேர்த்து. ஆண்டொன்றுக்கு ஒருவருக்கு ஏறத்தாழ பதினொன்றரை ரூபாய் ஆகும்.

2,069 கோடி என்னும்போது மலையாகத் தோன்றிய தொகை, அந்நாளைய விலைவாசியிலும் கூட ஒரு குடிமகனுக்கு மாதம் ஒரு ரூபாய்க்குக் குறைவே என்பது இப்போது விளங்கும். இது அத்திட்டத்தைக் குறைத்துக் கூறுவதாகாது. பரந்த நாட்டில் குறைந்த நிதியைக் கொண்டு பணி தொடங்கிய திட்டக்காரர்கள் எதற்கு முதலிடம் தருவது என்று எவ்வளவு கவனமாக எண்ண வேண்டியிருந்தது என்பதையே இது காட்டுகிறது. அவர்கள் பாசனத்துக்கும் மின்சாரத்துக்கும் 561 கோடி ரூபாய் ஒதுக்கினர். 5.61 × 10⁹ஐ 2.07 × 10¹⁰ ஆல் வகுத்தால் 2.71 × 10⁻¹, அதாவது 27 சதவிகிதம். அடுக்கு எதிர்க்குறியுடன் வருமாயின், மேலெண் கீழெண்ணின் ஒரு பகுதியே என்பது பொருள்.

நீர்வளம்: மாறாத மேலெண், மாறும் கீழெண்

வகுத்தலின் ஆற்றலை உணர்த்த நீர்வளத்தைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேறில்லை எனலாம். ஒரு பில்லியன் கன மீட்டர் என்பது 10⁹ கன மீட்டர். ஆகவே நம் ஆண்டு நீர்வளம் 1.869 × 10¹² கன மீட்டர்.

1951இல் ஒருவருக்குக் கிடைத்தது:
1.869 × 10¹² ÷ 3.61 × 10⁸ = 0.5177 × 10⁴ = 5,177 கன மீட்டர்.

2011இல் ஒருவருக்குக் கிடைத்தது:
1.869 × 10¹² ÷ 1.21 × 10⁹ = 1.545 × 10³ = 1,545 கன மீட்டர்.

மேலெண்ணில் ஓர் இலக்கமும் மாறவில்லை. மழை குறைந்ததென்றோ ஆறுகள் வற்றினவென்றோ இக்கணக்கு கூறவில்லை. கீழெண் 3.35 மடங்காகப் பெருகியது. ஆகவே ஈவு அதே அளவில் சுருங்கிற்று. ஆண்டொன்றுக்கு ஒருவருக்கு 1,700 கன மீட்டருக்குக் கீழே செல்லும் நாடு நீர் நெருக்கடிக்கு உள்ளானதென்றும், 1,000 கன மீட்டருக்குக் கீழே செல்வது நீர்ப்பஞ்ச நிலை என்றும் கொள்வது, ஸ்வீடன் நாட்டு நீரியல் அறிஞர் மாலின் பால்கன்மார்க் வகுத்தளித்த அளவுகோலின் வழிவந்த வழக்கமாகும். அவ்வளவுகோலின்படி நாம் முதல் எல்லையைக் கடந்துவிட்டோம்.

இத்துடன் நின்றுவிடலாகாது. கிடைக்கும் நீர் முழுவதையும் பயன்படுத்த இயலாது. பயன்படுத்தத்தக்கது 1,123 பில்லியன் கன மீட்டர் என மதிப்பிடப்பட்டது. இதில் மேற்பரப்பு நீர் 690, நிலத்தடி நீர் 433. இதனை மேலெண்ணாகக் கொண்டால் 2011இல் ஒருவருக்கு 1.123 × 10¹² ÷ 1.21 × 10⁹ = 928 கன மீட்டரே வரும். பிரம்மபுத்திரா, பராக் ஆறுகளில் ஓடும் 586 பில்லியன் கன மீட்டரில் பயன்படுத்தத்தக்க மேற்பரப்பு நீர் 24 பில்லியன் கன மீட்டர்தான். 2.4 × 10¹⁰ ÷ 5.86 × 10¹¹ = 4.1 × 10⁻², அதாவது நூற்றில் நான்கு பங்கு. நீர் இருப்பது வேறு, அது கைக்கு எட்டுவது வேறு என்பதை இதனின்று அறியலாம்.

நீர்க் கணக்கில் அலகு பற்றிய எச்சரிக்கையும் தேவை. தென்னக நதிநீர் ஆவணங்களில் டி.எம்.சி. என்னும் அலகு வழங்குகிறது. இது ஆயிரம் மில்லியன் கன அடி, அதாவது 10⁹ கன அடி. பில்லியன் கன மீட்டரும் 10⁹ கன மீட்டரே. அடுக்கு ஒன்றாயினும் அலகு வேறு. ஒரு டி.எம்.சி. என்பது 2.83 × 10⁷ கன மீட்டர். ஆகவே ஒரு பில்லியன் கன மீட்டர் ஏறத்தாழ 35.3 டி.எம்.சி.க்குச் சமம். 2018ஆம் ஆண்டு பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில் காவிரியின் நீர் 740 டி.எம்.சி. என்ற அடிப்படையில் பங்கிடப்பட்டது. இது 2.09 × 10¹⁰ கன மீட்டர். நாட்டின் மொத்த நீர்வளத்தால் இதனை வகுத்தால் 1.1 × 10⁻², அதாவது நூற்றில் ஒரு பங்கு சற்றே கூடுதலாக வரும். நாட்டுக் கணக்கில் நூற்றில் ஒன்றாகத் தோன்றும் அந்நீர், அவ்வடிநிலத்தில் பயிரிடும் உழவனுக்கு நூற்றுக்கு நூறு ஆகும். எனவே நாடு முழுவதற்கும் கண்ட ஈவு எந்த ஒரு வட்டாரத்தின் நிலையையும் கூறாது என்பதைத் திட்டமிடுவோர் மறத்தலாகாது.

உணவு தானியம்: இரண்டும் வளரும்போது

நீர்வளத்தில் மேலெண் நிலையாக நின்றது. உணவு தானியத்தில் மேலெண்ணும் வளர்ந்தது. எது விரைந்து வளர்ந்தது என்பதே வினா.

1950-51இல் உற்பத்தி 5.08 × 10⁷ டன். 2010-11இல் 2.445 × 10⁸ டன். மக்கள் தொகையால் வகுத்தால் முறையே 1.41 × 10⁻¹ டன்னும் 2.02 × 10⁻¹ டன்னும் கிடைக்கின்றன. டன் ஒன்றுக்கு 10³ கிலோ கிராம் ஆதலால், தலைக்கு 141 கிலோவும் 202 கிலோவும் ஆகும். இவற்றை 365 நாட்களால் வகுத்தால் நாளொன்றுக்கு 386 கிராமும் 553 கிராமும் வரும். உற்பத்தி 4.81 மடங்காயிற்று, மக்கள் தொகை 3.35 மடங்காயிற்று, 4.81ஐ 3.35 ஆல் வகுத்தால் 1.44 மடங்கு. மக்கள் பெருக்கத்தை உணவு முந்திச் சென்றது என்னும் செய்தி இந்த ஓர் எண்ணில் அடங்கியுள்ளது.

இவ்வளர்ச்சி எங்கிருந்து வந்தது? மேலும் ஒருமுறை வகுத்துப் பார்ப்போம். உணவு தானியம் பயிரான பரப்பு 1950-51இல் 9.73 × 10⁷ ஹெக்டேர், 2010-11இல் 1.267 × 10⁸ ஹெக்டேர். உற்பத்தியைப் பரப்பால் வகுத்தால் ஹெக்டேருக்கு 522 கிலோவும் 1,930 கிலோவும் ஆகின்றன. பரப்பு 1.30 மடங்கு, விளைதிறன் 3.70 மடங்கு, இரண்டையும் பெருக்கினால் 4.81. ஆக, உற்பத்திப் பெருக்கத்தின் பெரும் பகுதி புதிய நிலத்தால் வந்ததன்று. பாசனம், உயர்விளைச்சல் விதை, உரம் ஆகியவற்றால் அதே நிலம் கூடுதலாகத் தந்ததனால் வந்ததாகும். இனிவரும் காலத்திலும் நிலத்தின் பரப்பைப் பெருக்குவதைவிட, நிலத்தையும் நீரையும் செம்மையாகப் பயன்படுத்துவதிலேயே நம் கவனம் செல்ல வேண்டும் என்பதற்கு இக்கணக்கே சான்று.

ஆயினும் 553 கிராம் என்பது உற்பத்தியின் பங்கேயன்றி, உண்ட அளவு அன்று. விதைக்கும் கால்நடைத் தீவனத்துக்கும் சேதாரத்துக்குமாக உற்பத்தியில் எட்டில் ஒரு பங்கை, அதாவது 12.5 சதவிகிதத்தை, கழித்துக் கணக்கிடுவது அரசின் வழக்கம். அதன் பின் இறக்குமதி, ஏற்றுமதி, அரசுக் கையிருப்பில் ஏற்பட்ட மாற்றம் ஆகியவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அவ்வாறு கண்ட பின்னும், சராசரி அளவு கிடைத்தது என்பதனால் ஒவ்வொரு வீட்டு அடுப்பிலும் அது வெந்தது என்று முடிவு கட்ட இயலாது. ஈவு பங்கீட்டைப் பற்றி வாய் திறப்பதில்லை.

வகுக்கும் எண்ணின் எல்லை

கணக்கு சரியாக இருந்தும் ஒப்பீடு தவறாக அமைதல் உண்டு. இரண்டு சான்றுகள் காட்டலாம்.

நாட்டின் பரப்பு 32,87,263 சதுர கிலோ மீட்டர். 2011ஆம் ஆண்டு மக்கள் தொகையை இதனால் வகுத்தால் 1.21 × 10⁹ ÷ 3.29 × 10⁶ = 3.68 × 10², அதாவது சதுர கிலோ மீட்டருக்கு 368 பேர். ஆனால் கணக்கெடுப்பு அறிக்கையில் காணப்படும் மக்கள் அடர்த்தி 382. வகுத்தலில் பிழை இல்லை. பாகிஸ்தான், சீனா ஆகியவற்றின் சட்டவிரோத ஆக்கிரமிப்பில் உள்ள 1,20,849 சதுர கிலோ மீட்டர் பகுதியில் கணக்கெடுப்பு நடைபெறவில்லை. அங்கு வாழ்வோர் மேலெண்ணில் இல்லாதபோது அந்நிலப் பரப்பு கீழெண்ணில் இருத்தல் பொருந்தாது. ஆகவே அடர்த்தியைக் காண்பதற்காக மட்டும் அப்பரப்பைக் கழித்து, 3.17 × 10⁶ ஆல் வகுத்தனர், 382 கிடைத்தது. மேலெண்ணும் கீழெண்ணும் ஒரே எல்லையைத் தழுவியிருக்க வேண்டும் என்பதற்கு இது நல்ல பாடம்.

அடுத்தது காலம் பற்றியது. சுதந்திர இந்தியாவின் முதல் வரவு செலவுத் திட்டத்தை நிதியமைச்சர் ஆர். கே. சண்முகம் செட்டியார் 1947 நவம்பர் 26 அன்று அளித்தார். அதில் கண்ட செலவு சுமார் 197 கோடி ரூபாய், அதாவது 1.97 × 10⁹. 2025-26ஆம் ஆண்டு மத்திய அரசின் செலவு மதிப்பீடு 50.65 இலட்சம் கோடி ரூபாய், அதாவது 5.07 × 10¹³. வகுத்தால் 2.57 × 10⁴; ஏறத்தாழ 25,700 மடங்கு! மேடைக்கு ஏற்ற எண் இது, ஆராய்ச்சிக்கு ஏற்றதன்று. முதலாவது, 1947இன் திட்டம் ஆகஸ்டு 15 முதல் மார்ச் 31 முடிய ஏழரை மாதத்துக்கு உரியது. அதனை ஆண்டுக் கணக்காக்கினாலே மடங்கு சுமார் 16,100 ஆகக் குறைந்துவிடும். இரண்டாவது, இடைப்பட்ட காலத்தில் விலைவாசி பன்மடங்கு உயர்ந்துள்ளது. அன்றைய ரூபாயும் இன்றைய ரூபாயும் பெயரால் ஒன்றேயன்றி வாங்கும் சக்தியால் ஒன்றல்ல. மூன்றாவது, மக்கள் தொகையும் பெருகியுள்ளது. இம்மூன்றையும் சீர்செய்யாது பெறும் ஈவு, அரசின் பணிகள் உண்மையில் எவ்வளவு விரிந்தன என்பதைக் காட்டாது.

எத்தனை இலக்கங்கள் தேவை?

அறிவியல் குறியீட்டில் எழுதுவதன் மற்றொரு பயன், நாம் உண்மையில் அறிந்தது எவ்வளவு என்பதை அது நேர்மையாகக் காட்டுவதாகும். கணிப்பொறி ஒன்பது இலக்கம் தரலாம். ஆனால் தரவில் மூன்று இலக்கமே நம்பத்தக்கதாயின் ஈவிலும் மூன்று இலக்கமே நம்பத்தக்கது. மத்திய நீர் ஆணையம் 2019இல் விண்வெளித் தரவுகளின் துணைகொண்டு நீர்வளத்தை மறுமதிப்பீடு செய்து 1,999.2 பில்லியன் கன மீட்டர் எனக் கண்டது. கெழு 1.87இலிருந்து 2.00 ஆயிற்று, அடுக்கு 12 அப்படியே நின்றது. கெழு ஆராய்ச்சியால் திருந்தும். அடுக்கு தவறினாலோ முடிவே தலைகீழாகும். ஆதலின் எந்தக் கணக்கையும் சரிபார்ப்பவர் முதலில் அடுக்குகளைக் கழித்துப் பார்த்தல் வேண்டும். ஆயிரம் கோடி ரூபாய்த் திட்டம் என்று கேட்டவுடன், 10¹⁰ஐ மக்கள் தொகையாகிய ஏறத்தாழ 10⁹ ஆல் வகுத்து, தலைக்குப் பத்து ரூபாய் அளவினது என்று மனக்கணக்காகவே கூறிவிடலாம். 121 கோடியால் வகுத்துப் பெறும் துல்லியமான விடை 8.26 ரூபாய். கருத்து அளவில் இரண்டும் ஒன்றே.

அலுவலர்களும் மாணவர்களும் ஒப்பீடு ஒன்றை எழுதுமுன் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினாக்கள் நான்கு. அலகுகள் ஒத்துள்ளனவா? காலம் ஒத்துள்ளதா? எல்லை ஒத்துள்ளதா? விடையின் அடுக்கு அறிவுக்குப் பொருந்துகிறதா? நான்காவது வினாவுக்கு விடை காண அரை நிமிடம் போதும். கோப்பு மேலிடம் சென்றபின் திருத்துவதற்கு ஆகும் காலத்தோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிது.

பயிற்சி

1. நாட்டின் நிகர சாகுபடிப் பரப்பு 1950-51இல் 11.9 கோடி ஹெக்டேர், 2010-11இல் 14.2 கோடி ஹெக்டேர். ஒருவருக்கு உரிய சாகுபடி நிலம் எவ்வாறு மாறிற்று? (விடை: 3.30 × 10⁻¹ ஹெக்டேரிலிருந்து 1.17 × 10⁻¹ ஹெக்டேராகக் குறைந்தது.)

2. 2.445 × 10⁸ டன் உணவு தானியத்தை, டன் என்பதற்குப் பதிலாக இலட்சம் டன்னிலும் மில்லியன் டன்னிலும் எழுதுக. (விடை: 2,445 இலட்சம் டன், 244.5 மில்லியன் டன்.)

3. 2025-26ஆம் ஆண்டின் மத்திய அரசுச் செலவு மதிப்பீட்டை 140 கோடி மக்களால் வகுத்துத் தலா அளவைக் காண்க. (விடை: 5.07 × 10¹³ ÷ 1.40 × 10⁹ = 3.62 × 10⁴, அதாவது ஏறத்தாழ 36,200 ரூபாய்.)

மூன்றாவது கணக்கில் 140 கோடி என்பது மதிப்பீடேயாகும். 2021இல் நடைபெற வேண்டிய கணக்கெடுப்பு பெருந்தொற்றினால் தள்ளிப்போயிற்று. அடுத்த கணக்கெடுப்பு 2027 மார்ச் முதல் நாளை அடிப்படை நாளாகக் கொண்டு நடைபெறும் என 2025 ஜூனில் அரசு அறிவித்தது. தலா உணவு, தலா நீர், தலாச் செலவு ஆகிய எல்லாக் கணக்குகளிலும் கீழெண்ணாக நிற்பது மக்கள் தொகையே. அக்கணக்கெடுப்பு முடிந்து புதிய எண் வெளிவரும்போது, இங்குக் கண்ட ஒவ்வோர் ஈவையும் மாணவர்கள் தாமே மீண்டும் கண்டு, இக்கட்டுரையின் எண்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்களாக.